இன்ஜினில் 1,000 குதிரை... தாங்குமா அச்சு? - அமெரிக்க டிராக் கார்களின் அடிவயிற்றுக் கதை!

1970, மார்ச் 8. கலிஃபோர்னியாவின் லாங் பீச் அருகே இருந்த லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப். இறுதிச்சுற்று. ஸ்டார்ட்டிங் லைனில் நிற்பவர் டான் கார்லிட்ஸ். ஃபுளோரிடாக்காரர், வயது 38, ரசிகர்களுக்கு 'பிக் டாடி'. அவருடைய 'ஸ்வாம்ப் ராட் 13' காரில் முன்னால் இன்ஜின், அதன் பின்னால் கியர்பாக்ஸ், அதற்கும் பின்னால் டிரைவர். அந்தக் காலத்து டிராக்ஸ்டர்களில் டிரைவர் உட்கார்ந்திருந்ததே பின்சக்கர அச்சுக்குப் பின்னால்தான். சுழலும் இரும்புக்கு இரண்டு பக்கமும் காலை நீட்டிக்கொண்டு!

விளக்கு மாறியது. கார் கிளம்பிய அதே நொடியில் இரண்டு ஸ்பீடு கியர்பாக்ஸ் வெடித்துச் சிதறியது. கார் நடுவில் இரண்டு துண்டானது. கார்லிட்ஸின் வலது பாதத்தில் ஒரு பகுதி போய்விட்டது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கும் படுகாயம்.

கவனித்தீர்களா? வெடித்தது இன்ஜின் இல்லை. இன்ஜின் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அது கொடுத்ததை வாங்கிச் சக்கரத்துக்குக் கடத்த வேண்டிய பாகம்தான் தாங்கவில்லை.

டிராக் ரேஸ் வீடியோ பார்க்கும்போது என்னைப் போன்ற ஆசாமிகள் கேட்கும் முதல் கேள்வி, 'எத்தனை ஹெச்.பி?' என்பதுதான். ஒரு வாரமாக இந்த விஷயத்தைத் தோண்டிப் படித்த பிறகு, அது இரண்டாவது கேள்வியாக இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. முதல் கேள்வி, 'அந்த ஹெச்.பி-யை யார் சுமக்கிறார்கள்?'

ஓட்டிக்கொண்டு வரணும்... ஓட்டிக்கொண்டே போகணும்!

டிராக் ரேஸ் என்பது கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர்ப்பாதை. வளைவு கிடையாது. யார் முதலில் கடக்கிறார்களோ அவர் ஜெயித்தார். அதற்கென்றே செய்த கார்களை லாரியில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். ஓட்டிவிட்டுத் திரும்ப ஏற்றிக்கொண்டு போவார்கள்.

ஆனால், அமெரிக்காவில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. நம்பர் பிளேட் உள்ள கார். அதிலேயே ரேஸ் டிராக்குக்கு வரவேண்டும். ரேஸ் ஓட்ட வேண்டும். அதிலேயே வீட்டுக்குப் போகவேண்டும். 'ஹாட் ராட்' பத்திரிகை 2005-ல் ஆரம்பித்த 'டிராக் வீக்' இந்தக் கூட்டத்துக்கான திருவிழா. ஐந்து நாள் ரேஸ். டிராக்குகளுக்கு நடுவே மொத்தம் சுமார் 1,600 கிலோமீட்டர் சாதாரண ரோட்டில் ஓட்டிப்போக வேண்டும். பின்னாலேயே உதவிக்கு ஒரு வண்டி வரக் கூடாது. ஸ்பேனர், ஜாக்கி, மாற்று டயர் எல்லாம் உங்கள் காரிலோ, அது இழுத்து வரும் குட்டி டிரெய்லரிலோதான்.

இந்த இரட்டை வாழ்க்கைதான் சிக்கலே. ரேஸுக்கு எது நல்லதோ, அது ரோட்டுக்கு ஆகாது. ரோட்டுக்கு எது சுகமோ, அது ரேஸில் முறியும். அந்த இழுபறி காரின் அடியில்தான் நடக்கிறது.

சக்தி போகும் பாதையை ஒருமுறை நடந்து பார்த்துவிடுவோம். இன்ஜினுக்கு அடுத்து கிளட்ச், அல்லது ஆட்டோமேட்டிக்காக இருந்தால் டார்க் கன்வெர்ட்டர். அடுத்து கியர்பாக்ஸ். அங்கிருந்து காரின் நீளவாக்கில் பின்னால் ஓடும் குழாய், புரொப்பல்லர் ஷாஃப்ட். லாரிக்குக் கீழே சுற்றிக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். அது போய் டிஃப்ரன்ஷியலில் சேரும். அங்கே ஒரு சின்னப் பல்சக்கரம் ஒரு பெரிய பல்சக்கரத்தைத் திருப்பும். அதன் இரண்டு பக்கமும் ஆக்ஸில் கம்பிகள். கடைசியில் சக்கரம், டயர். இந்த மொத்த வரிசைக்கும் பெயர் டிரைவ்டிரெய்ன்.

என் ஸ்கூட்டரில் ஒருநாள் பெல்ட் அறுந்துபோனது. இன்ஜின் ஜம்மென்று உறுமுகிறது, வண்டி மட்டும் அசையவில்லை. டிரைவ்டிரெய்ன் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்த நாள் அது.

ஒரு மஸ்டாங்கை எடுத்துக்கொள்வோம்

1980-களின் கடைசியில் வந்த ஃபோர்டு மஸ்டாங் 5.0 இந்தக் கூட்டத்தின் செல்லப்பிள்ளை. அப்போது விலை குறைவு, எடையும் குறைவு, 225 ஹெச்.பி தரும் வி8 இன்ஜின். டார்க் சுமார் 407 நியூட்டன் மீட்டர். நம் ஊர் சின்ன ஹேட்ச்பேக்குகளில் 110 சொச்சம்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. அந்தக் காரின் டி-5 மேனுவல் கியர்பாக்ஸில் முதல் கியர் விகிதம் 3.35. ரேஸ் ஆசையில் பின்பக்க டிஃப்ரன்ஷியலில் பலரும் 3.73 விகிதப் பல்சக்கரத்தை மாட்டுவார்கள். 407-ஐ இரண்டாலும் பெருக்கினால் 5,000-ஐத் தாண்டும். கியர் என்பதே டார்க்கைப் பெருக்கும் கருவி அல்லவா? இன்ஜின் கொடுத்த 407, ஆக்ஸிலுக்கு வரும்போது 5,000 நியூட்டன் மீட்டராக வந்து நிற்கிறது. டர்போ போட்டு இன்ஜினை இரட்டிப்பாக்கினால் இங்கே 10,000. அதுவும் மெதுவாக வராது. கிளட்சைப் பட்டென்று விட்டால், சம்மட்டி அடிபோல ஒரே அடி.

அந்த டி-5 கியர்பாக்ஸின் தாங்குதிறனோ, தொழிற்சாலை இன்ஜினின் டார்க்குக்கு ஏறக்குறைய சமம். அதாவது, கூடுதலாக ஏற்ற இடமே இல்லை. முதலில் போவது அதுதான்.

சரி, ஆனால் இதே காரைச் சாதாரண டயரில் ஓட்டினால் பல நேரம் ஒன்றும் உடையாது. ஏன்?

மிக்ஸியில் பெரிய தேங்காய்ச் சில்லு சிக்கினால் என்ன ஆகும்? ஜாருக்குக் கீழே இருக்கும் கப்ளர் பல் தேய்ந்தோ, உடைந்தோ போகும். மோட்டார் தப்பித்துக்கொள்ளும். காரில் அந்தக் கப்ளர் வேலையைப் பார்ப்பது டயர். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் டயர் வழுக்கிச் சுற்றும், புகை வரும். அதிர்ச்சி அத்தனையும் புகையாகப் போய்விடும். பார்க்க சினிமாவாக இருக்கும், நேரம்தான் வீணாகும். எனவே 'ஸ்லிக்' எனப்படும் பசைபோல ஒட்டும் ரேஸ் டயரை மாட்டுகிறார்கள். நம் கார்களில் 32 பி.எஸ்.ஐ காற்று அடிப்போம். இதில் 10-லிருந்து 15 வரைதான். டயர் ரோட்டைக் கவ்விக்கொள்கிறது. இனி வழுக்காது. அப்படியென்றால், வேறு ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும்!

இன்ஜினில் ஒரு மாற்றமும் செய்யாமல், டயரை மட்டும் மாற்றிவிட்டு ஆக்ஸில் முறிந்து நிற்கும் கார்களின் ரகசியம் இதுதான்.

ரோல்ஸ்ராய்ஸ் கியர்பாக்ஸில் ரேஸ்!

'மேனுவல் ஓட்டுறவன்தான் டிரைவர்' என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. டிராக் ரேஸில் அது செல்லாது. அங்கே பெரும்பாலும் ஆட்டோமேட்டிக்தான் ராஜா.

காரணம், டார்க் கன்வெர்ட்டர். இரண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓடவிட்டால், அந்தக் காற்றில் இன்னொன்றும் சுற்றும் இல்லையா? காற்றுக்குப் பதில் எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் கன்வெர்ட்டர். இரும்பும் இரும்பும் நேராக மோதாமல், நடுவில் எண்ணெய் மெத்தை. கிளம்பும் நேரத்தில் டார்க்கைக் கூட்டியும் தருகிறது, ஆனால் அடியாக இல்லாமல் தள்ளாக.

இவர்கள் தேடித்தேடி மாட்டும் கியர்பாக்ஸ்களின் வயதைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஷெவர்லே 1950-ல் கொண்டுவந்த 'பவர்கிளைடு'. அதில் மொத்தமே இரண்டு கியர். இன்னொன்று, ஜெனரல் மோட்டார்ஸ் 1964 மாடல்களில் அறிமுகப்படுத்திய 'டர்போ 400'. மூன்று கியர். கேடில்லாக் சொகுசுக் கார்களுக்காகச் செய்தது. ரோல்ஸ்ராய்ஸ் சில்வர் ஷேடோவிலும் இதுதான் இருந்தது. முதலாளி காபி கோப்பையோடு பின்சீட்டில் உட்கார்ந்து போவதற்காகச் செய்த கியர்பாக்ஸ், இன்று 1,000 ஹெச்.பி-யைச் சுமந்துகொண்டு ஓடுகிறது. எளிமையான உள்ளமைப்பு, கனமான பாகங்கள்; போதாததற்கு, பலவீனமான உள்பாகம் ஒவ்வொன்றுக்கும் பதிலாக வலுவான ஸ்டீல் பாகத்தைத் தனியாக விற்கும் பெரிய சந்தையும் இருக்கிறது.

ஆனால், ரோட்டில் ஓட்டிப்பாருங்கள். இவற்றில் ஓவர்டிரைவ் கியர் கிடையாது. 26 அங்குல டயர், 4.10 விகிதம் உள்ள காரில் 100 கி.மீ வேகத்தில் போனால் இன்ஜின் சுமார் 3,300 ஆர்.பி.எம்-மில் கத்திக்கொண்டே இருக்கும். பக்கத்து சீட்டில் இருப்பவருடன் பேச முடியாது. கூடவே, ரேஸுக்கென்று செய்த கன்வெர்ட்டர் 4,000 ஆர்.பி.எம் பக்கத்தில்தான் நன்றாகக் கவ்வும். அதற்குக் கீழே வழுக்கிக்கொண்டே இருக்கும். வழுக்கல் என்றால் சூடு. டிராஃபிக்கில் நின்று நின்று போனால் எண்ணெய் கொதித்துவிடும். கருகிய எண்ணெயில் கியர்பாக்ஸ் நாளை எண்ணும். அதனால்தான் இந்தக் கார்களின் அடியில் எண்ணெய்க்கென்றே தனி ரேடியேட்டரும் ஃபேனும் இருக்கும்.

நடுவழி ஒன்று உண்டு. 1991-ல் வந்த '4எல்80இ'. டர்போ 400-ன் வாரிசு. கனரக பிக்கப் டிரக்குகளுக்காகச் செய்தது. அதே முதல் மூன்று கியர் விகிதங்கள், கூடவே 0.75 ஓவர்டிரைவ். மேலே சொன்ன 3,300, இதில் சுமார் 2,500 ஆகிவிடும். எடை அதிகம், இன்ஜின் சக்தியில் கொஞ்சம் தானே தின்றுவிடும், ரேஸில் சில நூறில் ஒரு நொடிகள் போகும். என்னைக் கேட்டால், அந்தக் கொஞ்ச நேரத்தைக் கொடுத்துவிட்டு, காதில் பஞ்சு வைக்காமல் வீட்டுக்கு ஓட்டிப்போகும் ஆளுக்குத்தான் என் ஓட்டு.

சம்மட்டி அடியைத் தவிர்க்கத்தானே ஆட்டோமேட்டிக் போட்டோம்? அதற்குள்ளேயே அந்த அடியைத் திரும்பக் கொண்டுவரும் வித்தையும் இருக்கிறது. பெயர் 'டிரான்ஸ்பிரேக்'. ஸ்டீயரிங்கில் ஒரு பட்டன். அழுத்திப் பிடித்தால் கியர்பாக்ஸில் முதல் கியரும் ரிவர்ஸும் ஒரே நேரத்தில் விழுந்து, கார் சிலையாக நிற்கும். இன்ஜினை முறுக்கேற்றிவிட்டு, விளக்கு மாறியதும் பட்டனை விட்டால், அம்பு! தொழிற்சாலையிலிருந்தே இந்த வசதியோடு வந்த முதல் கார், 2018 டாட்ஜ் டீமன். ரேஸ் பெட்ரோலில் 840 ஹெச்.பி. அந்த இன்ஜினை மாட்டுவதற்காக டாட்ஜ் பொறியாளர்கள் புரொப்பல்லர் ஷாஃப்டின் குழாயைத் தடிமனாக்கி, டிஃப்ரன்ஷியல் உறையை வலுவாக்கி, ஆக்ஸில்களையும் மாற்ற வேண்டியிருந்தது. 2023-ல் 1,025 ஹெச்.பி-யோடு 'டீமன் 170' வந்தபோது மறுபடியும் எல்லாவற்றையும் பெரிதாக்கினார்கள். கம்பெனிக்கே இதுதான் நிலைமை என்றால், வீட்டுக் கொட்டகையில் டர்போ மாட்டுபவரை யோசித்துப் பாருங்கள்.

முறுக்கிப் பிழிந்த இரும்பு

கியர்பாக்ஸைச் சரிசெய்தாகிவிட்டதா? அடுத்த பலவீனம் தானாக முன்னால் வந்து நிற்கும். ஆக்ஸில்.

ஆக்ஸில் கம்பியின் நுனியில் நீளவாக்கில் பற்கள் வெட்டியிருப்பார்கள். 'ஸ்ப்ளைன்' என்று பெயர். நம் மஸ்டாங்கில் 28 பற்கள், கம்பி அங்கே சுமார் 30 மில்லிமீட்டர் தடிமன். ரேஸ்காரர்கள் மாட்டுவது 35 பல் ஆக்ஸில், சுமார் 38 மில்லிமீட்டர். 'எட்டு மில்லிமீட்டர்தானே!' என்று நினைத்தேன். ஆனால், முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறுகிறது. விட்டம் கால் பங்கு கூடினால் வலு கிட்டத்தட்ட இரட்டிப்பு! இரும்பும் மாறுகிறது. விமானத்தின் லேண்டிங் கியருக்குப் பயன்படுத்தும் '300எம்' ஸ்டீலில் செய்த ஆக்ஸில்கள்கூட உண்டு.

ஆக்ஸில் எப்போதும் திடீரென்று முறிவதில்லை. பல நேரம் முதலில் முறுக்கிக்கொள்கிறது. ஈரப் போர்வையை இரண்டு பேர் பிழிவதுபோல, நேராக இருந்த பற்கள் சாய்ந்து திருகிவிடும். அனுபவசாலிகள் அவ்வப்போது ஆக்ஸிலை உருவிப் பார்ப்பது இதற்குத்தான். பல் சாய்ந்திருந்தால் அது ஓலை வந்துவிட்டது என்று அர்த்தம்.

மஸ்டாங்கில் இன்னொரு கண்டமும் இருக்கிறது. அதன் 8.8 அங்குல டிஃப்ரன்ஷியலில் ஆக்ஸிலை உள்ளே பிடித்து வைத்திருப்பது, சுண்டுவிரல் மோதிரத்தைவிடச் சற்றே பெரிய 'சி' வடிவக் கிளிப். ஆக்ஸில் முறிந்தால், அந்தக் கிளிப் பிடித்திருப்பது உள்ளே இருக்கும் துண்டைத்தான். வெளியே இருக்கும் துண்டு, சக்கரத்தோடு சேர்ந்து காரைவிட்டு நழுவி வெளியே வந்துவிடும். 200 கி.மீ வேகத்தில்! அமெரிக்க டிராக் ரேஸை நடத்தும் என்.ஹெச்.ஆர்.ஏ அமைப்பு, கால் மைலை 10.99 நொடி அல்லது அதற்கும் குறைவாகக் கடக்கும் கார்களில் ஆக்ஸிலைச் சக்கரத்துப் பக்கத்திலேயே பிடித்துவைக்கும் அமைப்பு கட்டாயம் என்கிறது.

எனவேதான், பலர் மொத்தப் பின்அச்சையும் கழற்றிவிட்டு 'ஃபோர்டு 9 இன்ச்' அச்சுக்குப் போய்விடுகிறார்கள். 1957-லிருந்து 1986 வரை ஃபோர்டின் குடும்பக் கார்களிலும் பிக்கப்புகளிலும் இருந்த சாதாரண அச்சு. சின்னப் பல்சக்கரத்தை இரண்டு பேரிங் அல்ல, மூன்று பேரிங் தாங்கிப் பிடிக்கும். கிளிப் தொல்லையும் இல்லை. ஃபோர்டு நிறுத்தி எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன; மற்ற கம்பெனிகள் இன்னும் புதிதாகச் செய்துகொண்டிருக்கின்றன. ஷெவர்லே கார்களில்கூட ஃபோர்டு அச்சு போட்டு ஓட்டுகிறார்கள். அமெரிக்காவில் ஃபோர்டு-ஷெவர்லே ரசிகர் சண்டை, நம் ஊர் ரஜினி-கமல் சண்டைக்குச் சமம். ஆனால், காரின் அடியில் அந்தச் சண்டை இல்லை!

இந்த வாரம் படித்ததில் என்னை ரொம்பவும் யோசிக்கவைத்தது, அந்த அச்சுக்குள் இருக்கும் பல்சக்கரத்தின் இரும்பு. ரோட்டுக்கான பல்சக்கரத்தின் மேல்தோல் மிகக் கடினமாக இருக்கும். லட்சம் கிலோமீட்டர் ஓடினாலும் தேயாது. ஆனால், சம்மட்டி அடி விழுந்தால் பல் தெறித்துவிடும். ரேஸுக்கான பல்சக்கரம் கொஞ்சம் இளகிய இரும்பு. எத்தனை அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ளும். ஆனால், ரோட்டில் தினமும் ஓட்டினால் சீக்கிரம் தேய்ந்து, ஊளையிட ஆரம்பித்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தேயாதது வேண்டுமா, உடையாதது வேண்டுமா? இரண்டில் ஒன்றைத்தான் முழுசாக வாங்க முடியும்.

'ஸ்பூல்' கதையும் இப்படித்தான். இரண்டு பின்சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடும் இரும்பு உருளை அது. நேர்ப்பாதையில் அதை அடிக்க ஆளில்லை. வீட்டுத் தெருமுனையில் திரும்பினால், உள்பக்கச் சக்கரம் குறைவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் அதிகமாகவும் சுற்ற முடியாமல் டயர் 'கிறீச் கிறீச்' என்று இழுபடும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஆக்ஸிலுக்கு ஒரு முறுக்கு. ரோட்டில் அப்படிச் சேரும் களைப்பு, ஒருநாள் ரேஸ் டிராக்கில் முறிவாக வெளிவரும்.

நடுவில் சுற்றும் குழாய்

புரொப்பல்லர் ஷாஃப்டைக் கடைசியாக வைத்துக்கொண்டதற்குக் காரணம், எல்லோரும் கடைசியில்தான் அதை நினைக்கிறார்கள். 4.10 விகிதம், 26 அங்குல டயரோடு 240 கி.மீ வேகத்தில் எல்லைக்கோட்டைக் கடக்கும்போது அந்தக் குழாய் நிமிடத்துக்கு சுமார் 8,000 சுற்று சுற்றுகிறது. ஸ்கிப்பிங் கயிறு நடுவில் தொப்பை போடுமே, அதுபோல நீளமான, மெல்லிய குழாய் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் நடுவில் வளைய ஆரம்பிக்கும். அப்புறம் பிய்த்துக்கொள்ளும். முன்பக்க ஜாயின்ட் விட்டுவிட்டால் இன்னும் மோசம். குழாயின் முனை தரையில் குத்தி, காரையே தூக்கிவிடும். கோல் ஊன்றித் தாண்டும் வீரரைப்போல!

அதற்காகத்தான் குழாயைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் போடச் சொல்கிறார்கள். விழுந்தாலும் அந்த வளையத்துக்குள்தான் விழும். 13.99 நொடிக்குள் ஓடும் ஸ்லிக் டயர் கார்களுக்கே என்.ஹெச்.ஆர்.ஏ-வில் இது கட்டாயம். அது ஒன்றும் பெரிய வேகம் இல்லை. வசதி உள்ளவர்கள் கார்பன் ஃபைபர் குழாய்க்குப் போகிறார்கள். எடை குறைவு என்பது ஒரு காரணம். உடைந்தால் இரும்புக் குழாய்போல அடித்துத் துவைக்காமல், பழைய துடைப்பம்போல நார்நாராகப் பிரிந்துவிடும் என்பது இன்னொன்று.

டான் கார்லிட்ஸ் என்ன ஆனார் என்று சொல்லவில்லையே. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவர் யோசித்தது, ரேஸை விடுவது பற்றி அல்ல. இன்ஜினையும் கியரையும் டிரைவருக்குப் பின்னால் தள்ளுவது பற்றி. அதற்கு முன்பும் சிலர் அதை முயன்றிருந்தார்கள், சரிப்பட்டு வரவில்லை. கார்லிட்ஸ் விடவில்லை. 1971-ல் 'ஸ்வாம்ப் ராட் 14'-ஐ அப்படிக் கட்டிக்கொண்டு வந்து, பொமோனாவில் நடந்த விண்டர்நேஷனல்ஸை ஜெயித்தார். சில வருடங்களில் முன்இன்ஜின் டிராக்ஸ்டர்களே வழக்கொழிந்தன. அவருடைய 'ஸ்வாம்ப் ராட் 30' இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சொத்து.

மஸ்டாங்கில் அப்படித் தள்ள இடமில்லை. நம்பர் பிளேட் உள்ள காரில் இன்ஜின் முன்னால்தான், கியர்பாக்ஸ் நடுவில்தான். அமெரிக்கக் கார்களில் ஸ்டீயரிங் இடதுபக்கம் என்பதால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் வலது பாதத்துக்குப் பக்கத்தில், ஒரு தகடும் ஒரு கார்பெட்டும் மட்டுமே நடுவில் இருக்க, கியர்பாக்ஸ் சுற்றிக்கொண்டிருக்கிறது. வேகமான கார்களில் அதன்மேல், குண்டு துளைக்காத சட்டைத் துணியில் தைத்த தடித்த போர்வை ஒன்றைச் சுற்றி, பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள்.